கடைசியில் நின்ற கிருஷ்ணராஜ்

அம்பிட்டிய ரோட்டு திரீவீல் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் கிருஷ்ணராஜுக்கு ஏசு கிருஷ்ணராஜ் என்றுதான் பேர். ஞானஸ்நானம் எடுத்தபோது பேரை மாற்றலாமா என்று பாஸ்டர் கேட்டதற்கு, "ஆளு மாறினா போதாதா, பேரும் மாறணுமா?" என்றவன். ஆள் மாறினானா என்பதுதான் ஸ்டாண்டில் பேச்சு. வண்டிப் பின்கண்ணாடி நிறைய பைபிள் வசனம் ஒட்டினான். விடிந்தால் பாட்டுப் போட்டான். கோபம் மட்டும் பழைய கோபம்தான்.

அந்தக் கோபம் முழுக்க ரமேஸ் மேல். மூன்று வருசத்துக்கு முந்தி, கிருஷ்ணராஜ் வரிசை மீறி ஹயருக்கு ஆள் ஏற்றினான் என்று பொய் சொல்லி ஸ்டாண்டை விட்டே விரட்ட வைத்தவன் அவன். ஆறு மாசம் கலகெதரப் பக்கம் நாயாய் அலைந்த பிறகுதான் உண்மை தெரிந்து திரும்பச் சேர்த்தார்கள். ரமேஸ் மன்னிப்பும் கேட்கவில்லை. "அந்தப் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்க!" என்று கத்துவதையும் விடவில்லை.

போன மாசம் அதே ரமேஸ் கையும் களவுமாக மாட்டினான். முன்னால் நாலு வண்டி நிற்க, வளைவில் மறைந்து நின்று ஆள் ஏற்றியிருக்கிறான்.

வரிசை மீறினால் ஆள் வெளியே. தப்ப ஒரே வழிதான். வேறொருத்தன் அவனுக்காகப் பொறுப்பு நிற்க வேண்டும். நின்றவன், எத்தனை மணிக்கு வந்தாலும், ஒரு மாசம் வரிசைக் கடைசியிலேயே கிடக்க வேண்டும். சட்டம் போட்ட நாளிலிருந்து எவனும் நின்றதில்லை. எவனுக்குப் பைத்தியம்?

"பொறுப்பு நிக்க யாராவது ஈக்கிறீங்களா?" என்று கேட்டார் ஸ்டாண்ட் தலைவர் ரிஸ்மி நானா.

ஆளாளுக்கு ரோட்டைப் பார்த்தார்கள். ரமேஸ் தலையைத் தொங்கப் போட்டான். கிருஷ்ணராஜுக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நல்லாவே இனித்தது. அந்த நேரம் பார்த்துத் தன் வண்டியின் பின்கண்ணாடியில் கண் போனது. பரம அப்பன் இரங்கின மாதிரிப் பிள்ளையும் இரங்கணும் என்கிற வசனம். அவனே ஒட்டியது. கையைத் தூக்கினான்.

"நான் நிக்கிறேன்."

"மண்டை பிசகிட்டா? ஒன்ன வெளியே போட்டவன் இவன்!"

"தெரியும் நானா. நான் மன்னிப்புக் கேட்ட பொறகா ஏசு எனக்காகச் சிலுவையில ஏறினாரு? நானும் நின்னு பாக்கிறேன்."

வீட்டில் மனைவி நிஷாந்தி ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணாடியில ஒட்டினது இப்பதான் உள்ளுக்க ஒட்டியிருக்கு. சாப்பிடுங்க."

ஒரு மாசம் லேசில்லை. மழையில் கடைசி. வெயிலில் கடைசி. முதல் வாரம் ரமேஸைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தான், கடித்துக்கொண்டே ஜெபம் பண்ணினான். ரமேஸ் பக்கத்திலேயே வரவில்லை. மூன்றாம் வாரம் ரெண்டு பிளேன்டீயோடு வந்து நின்றான்.

"அண்ணே... அன்னைக்கி நான் சொன்ன பொய்..."

"தெரியும்டா. தேத்தண்ணி ஆறுது, குடி."

குடித்து முடித்தபோதுதான் கிருஷ்ணராஜுக்கே தெரிந்தது, கோபத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

மாசத்தின் கடைசி நாள். வழக்கம்போலக் கடைசியில் வண்டியை நிறுத்தினான். முன்னால் ஒன்பது வண்டி. முதல் நம்பரில் நின்ற ரமேஸ் வண்டியைக் கிளப்பினான். ஆளே ஏறவில்லை. ரோட்டில் வளைத்துத் திருப்பி, கிருஷ்ணராஜுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அடுத்து ரிஸ்மி நானா. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக மிச்ச ஏழும்.

சில்லு ஒரு அடி உருளாமல் கிருஷ்ணராஜ் முதல் ஆளாய் நின்றான். கண்ணைத் துடைக்கக் கூட நேரமில்லை, குடையோடு ஒரு அம்மா டவுனுக்குப் போக ஏறிவிட்டார்.

பின்னாலிருந்து ரமேஸ் கத்தினான்:

"பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கண்ணே!"