வெல்டர் அப்பாவுக்கு ஏற்ற கேமரா

எங்கள் வீட்டிலுள்ள எல்லாப் படங்களிலும் அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாக நின்றபடியே தூங்குகிறார். நான் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்திலும் அப்படித்தான். "தூங்குமூஞ்சி மாப்பிள்ளை" என்று மாமா இன்றைக்கும் கேலி செய்வார். அப்பாவும் கூடச் சிரிப்பார். ஆனால் படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கமாட்டார்.

வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க நினைத்தேன். போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள என்று தோழிகளிடம் சொன்னேன். அப்பாவை ஒரு படத்திலாவது கண் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. போனில் எடுத்துத் தோற்றிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அதை விடுகிற எண்ணமும் இல்லை. மூன்று வாரம் இணையத்தில் தேடிப் படித்து, நோட்டில் கட்டம் போட்டு, மெகாபிக்சல், ஜூம், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டேன். ஒரு சிவப்புக் கேமரா முதலாவதாக வந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு, பழைய கேமராக்களை வாங்கி விற்கும் தென்னூர்க் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் சிவப்பை எடுத்துக் கொடுத்தார்.

"அத்தாவையே எடுத்துப் பாரும்மா."

அப்பாவை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி ஐந்து படம் எடுத்தேன். ஐந்திலும் கண் மூடியிருந்தது.

"அண்ணே, நின்னுக்கிட்டே தூங்குற வித்தையை எங்களுக்கும் சொல்லிக்குடுங்க" என்றார் பாய்.

"நான் எங்க பாய் மூடுறேன்? அதுவா மூடிக்குது."

ஆறாவது படத்துக்கு நான் திரையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தேன். அவர் பார்வை என் மேல் இல்லை. கேமரா மூலையிலிருந்த பிளாஷ் கண்ணாடியின் மேல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் அப்பா இருபத்தெட்டு வருடமாக வெல்டர். அவசரச் சின்ன ஒட்டல்களுக்கு முகமூடியை இறக்கமாட்டார். பொறி பறப்பதற்கு ஒரு நொடி முன்னால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மூடத் தவறிய நாட்களில் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்த, வெள்ளரிக்காய்த் துண்டு வைத்துப் படுத்திருப்பார்.

"அப்பா, லைட்டு அடிக்காதுப்பா. நான் ஆஃப் பண்ணிட்டேன்."

"அது உனக்குத் தெரியும். என் கண்ணுக்குத் தெரியுமா?"

நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன்.

"பாய், பிளாஷ் வெளியில தெரியாத கேமரா ஏதாவது இருக்கா?"

கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தார். அதில் பிளாஷ் உள்ளே மடங்கிக் கிடக்கும். விரலால் தள்ளினால்தான் மேலே வரும். ஜூம் குறைவு, மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. என் கட்டத்தில் கடைசி இடம் வாங்கிய கேமரா அது.

அப்பா அதை வாங்கி, பிளாஷ் மூடியை நகத்தால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"மூடித்தான இருக்கு?"

"மூடித்தான் இருக்கு."

"அப்ப எடு."

எடுத்தேன். கடை போர்டு சாய்ந்திருந்தது. ஓரத்தில் யாருடைய ஸ்கூட்டரோ பாதி தெரிந்தது. நடுவில் அப்பாவின் இரண்டு கண்களும் நன்றாகத் திறந்திருந்தன.

"தலையில பாதியக் காணோமேம்மா" என்றார் பாய்.

"தலையை அப்புறம் பாத்துக்கலாம் பாய். இதையே குடுங்க."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என் கண்ணு இவ்வளவு பெருசா?"

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை முழிச்சுட்டாரு. வந்து பாருங்க!"