பாவாயி திறக்கச் சொன்ன மூடி

பாவாயி போய்விட்டாள்...

காலையில் அவள் மகள் லட்சுமி போன் பண்ணினாள். "மாமா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். 

இங்கே என் பதிவுகளைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியாது. என் நண்பன் செங்கோடனின் மனைவி, எருமப்பட்டிக்காரி. என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள்.

செங்கோடன் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது சொல்லப்போகிற கார் கதையில் இருந்தவர்களில் இனி நானும் லட்சுமியும்தான் பாக்கி. அவளும் அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்தாள்...

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய செங்கோடன், ஒரு பழைய காரை வாங்கி டாக்ஸி விடப்போகிறேன் என்று நின்றான். இன்ஜின் புகை கக்கியது.

சேலத்தில் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். "பட்டாளத்துல நான் பாக்காத இன்ஜினாடா?" என்றான். அங்கே அவன் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் தொட்டிருப்பானா என்பது என் சந்தேகம்.

இரண்டு பேருமாக இன்ஜின் ஹெட்டைக் கழற்றினோம். கரி சுரண்டி, வால்வு தேய்த்து, கேஸ்கட் மாற்றித் திரும்ப மாட்டினோம். கடைசியில் ஒரு வாஷர் மீந்துவிட்டது... அது எந்த இடத்து வாஷர் என்று இன்றுவரை தெரியாது.

ஆனாலும் வண்டி கிளம்பியது!

அடுத்த நாள் ஆயுத பூஜை. பாவாயிக்கு நிறைமாசம். காருக்குப் பொட்டு வைத்தது அவள்தான். விளக்கு, ரேடியேட்டர், ஸ்டியரிங்... எதையும் விடவில்லை.

அந்த வண்டிக்குப் பெட்ரோல் டேங்க், டிரைவர் முன்னால் இருக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அதன் மூடி எல்லோர் கண்ணிலும் படும். அதனால் அதற்குச் சந்தனம் தாராளமாகவே கிடைத்தது.

மறுநாள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை வாசலோடு நிறுத்திவிட்டோம். நல்ல நாள் பார்த்து ரோட்டில் இறக்கலாம் என்று எண்ணம்.

நல்ல நாள் பார்க்க நேரமில்லை. அவளுக்கு வலி கண்டது. விடிந்த பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி வெளியே வந்து, "பிள்ள குறுக்க கெடக்குது சாமி. இனி என் கையில ஒண்ணுமில்ல, நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

பின் சீட்டில் அவள், அவள் அம்மா மடியில் சாய்ந்துகொண்டு. முன்னால் நாங்கள் இருவரும்.

ரெண்டு மைல் ஓடியிருக்கும். வண்டி இருமியது... நின்றது.

செங்கோடன் குதித்து இறங்கினான். மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்தான், இருந்தது. மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். நான் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். கிளம்பியது. "பிளக்குதான்டா!" என்றான்.

இன்னும் கொஞ்ச தூரம்... அதே இருமல். மறுபடி மூடி, மறுபடி குச்சி. இந்த முறை தீப்பொறி கொடுக்கும் பாயிண்டைத் தேய்த்தான். கிளம்பியது. "பாயிண்டுதான்டா!"

மூன்றாவது தடவை நின்றபோது அவன் பெட்ரோலைக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டோரம் துண்டை விரித்துவிட்டு, கார்பரேட்டரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான். 

"அந்த வாஷருதான்டா... என் கையாலயே அவளக் கொன்னுருவனாட்ட இருக்குது" என்றான்.

கார்பரேட்டரைப் பிரித்தால் மாட்ட நேரமாகும். அவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. 

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து பாவாயி கத்தினாள்.

"ஏனுங்க... அந்த மூடியத் தொறந்தாத்தான் வண்டி கெளம்புதுங்க! மூடுனா நின்னுக்குது. மூடாமத்தான் ஓட்டித் தொலைங்களே!"

புருஷனை அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

செங்கோடன் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். காற்றுப் போக நடுவில் ஒரு சின்னத் துளை உண்டு. சந்தனம் காய்ந்து அதைக் கல்லாக அடைத்திருந்தது. மேலே காற்று இறங்கினால்தான் கீழே பெட்ரோல் இறங்கும்... இவ்வளவுதான் விஷயம். பிளக்கும் பாயிண்டும் ஒரு பாவமும் செய்யவில்லை.

துளையைக் குத்த ஊசி தேடவில்லை. மூடியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பெட்ரோல் வாடையோடு நாமக்கல் வரை வண்டி நிற்கவே இல்லை.

காலையில் போன் பண்ணினாளே, அந்த லட்சுமி அன்று சாயங்காலம் பிறந்தாள்.

அதற்குப் பிறகு செங்கோடன் ஊரெல்லாம் சொல்வான், "என் வேலைல குத்தமில்ல, இவ வெச்ச சந்தனத்துலதான் குத்தம்" என்று. அவள் விடமாட்டாள். "அடச்சதும் நானு, தொறக்கச் சொன்னதும் நானு. மீந்த வாஷருக்கு நீங்க பதில் சொல்லுங்க!"

அவர்கள் வீட்டில் எந்த மூடியும் இறுக்கமாக இருக்காது. ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு... எல்லாம் அரைகுறையாகத்தான் மூடியிருக்கும். எறும்பு வந்தாலும் பரவாயில்லை.

லட்சுமி முதன்முதலாகக் குக்கர் வாங்கி வந்தபோது பெரிய சண்டை. மூடியின் துளையில் வாய் வைத்து ஊதிக் காட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற விட்டாள் பாவாயி. நான் அங்கேதான் இருந்தேன், சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

இன்று மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தார்கள். நெற்றியில் யாரோ சந்தனத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அப்பியிருந்தார்கள். மேலே கண்ணாடி மூடி...

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. லட்சுமி என் முகத்தைப் பார்த்தாள்.  அவளாகவே வந்து அந்த மூடியைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தாள்.

பாவாயி, போயிட்டு வா சாமி.