கர்னாக் வாசலில் இரண்டு மணித்தியாலம்

எகிப்தை நான் மூன்று தரம் கப்பலில் கடந்திருக்கிறேன். மூன்று தரமும் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. சரக்குக் கப்பலில் எனக்குச் சமையற்கட்டு வேலை. சூயஸ் கால்வாயில் கப்பல் ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் மணல்தான் தெரியும். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன கலண்டர் படம் ஒன்று இருந்தது. வரிசை வரிசையாகக் கல் தூண்கள். ஒரு தூணின் அடியில் வெள்ளைத் தொப்பி போட்ட மனிதன் ஒருவன், புளியங்கொட்டை அளவில். கீழே கர்னாக் என்று எழுதியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படத்தில் இருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நானே போய் நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

பிறகு டுபாய், டோஹா, மாலைதீவு என்று எங்கெங்கோ வேலை செய்தேன். பட்டினி கிடந்திருக்கிறேன். சீமெந்துப் பைகளின்மேல் படுத்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த வேலைக்குப் போனவர்கள் எல்லாருக்கும் அதுதான். எகிப்துக்குப் போக மட்டும் ஒரு வழியும் அமையவில்லை.

அமைந்தது அத்தானின் முழங்காலால். அக்காவும் அத்தானும் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருக்கிறேன். அக்கா போகும் கோயில்காரர்கள் சேர்ந்து நைல் நதியில் கப்பல் பயணம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். அஸ்வானில் ஏறி, வழியில் உள்ள பழைய கோயில்களைப் பார்த்துக்கொண்டு லக்ஸரில் இறங்குவது. கடைசி நாள் கர்னாக். அத்தானுக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்து நான்கு மாதம்தான். டொக்டர் விடவில்லை. அக்கா என்னை போனில் கூப்பிட்டாள்.

"டேய், பாஸ்போட் இருக்கோ, இல்லாட்டி அதையும் எங்கையாவது துலைச்சிட்டியோ?"

"இருக்கு."

"அப்ப அத்தான்ர இடத்தில நீ வா. ஆனா ஒண்டு. அங்கை வந்து என்ர மானத்தை வாங்கக்கூடாது."

நாங்கள் இருபத்திரண்டு பேர். அநேகமாக எல்லாரும் உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர்கள், மோர் மிளகாயும் சீனிச் சம்பலும் இல்லாமல் வீட்டு வாசல் தாண்டாதவர்கள். எங்களுக்குத் தலைவர், வங்கி மனேஜராக இருந்தவர், கோயில் சபையிலும் ஒருவர். கொழும்பில் கடைப் பையன்களைச் சிங்களத்தில் 'மல்லி', அதாவது தம்பி, என்று கூப்பிட்டுப் பழகியவர், எகிப்திலும் எல்லாரையும் அப்படியே கூப்பிட்டார். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலோடு சம்பந்தமில்லாத ஒரே ஆள், கொம்பனித்தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். ஓர் இடம் காலியாக இருந்ததால் சேர்ந்துகொண்டவர்.

முதல் நாள் ஒரு தீவில் இருந்த கோயிலுக்குப் போனோம். வழிகாட்டி முப்பது வயதுக்காரன், கெட்டிக்காரன். முதலில் திறந்த முற்றம், அடுத்தது மண்டபம், உள்ளே போகப் போக இருட்டு, கடைசியில் பூசகர் மட்டும் போகக்கூடிய சின்ன அறை என்று கை காட்டி விளக்கினான்.

"மூலஸ்தானம்!" என்று தலைவர் கத்தினார். "பாத்தீங்களே, அப்பிடியே எங்கட கோயில்தான்!"

எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு பெண்கள் அந்த இருட்டு அறையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அங்கிருந்த தூண்கள் நான் நினைத்த தூண்கள் இல்லை. பரவாயில்லை, கர்னாக் இருக்கிறதுதானே என்று இருந்தேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அக்காவின் போன் அடித்தது. எங்கள் சித்தப்பாவின் மூத்த மகன் ஜெர்மனியில் முந்தாநாள் செத்துப் போனாராம். அவரை நான் கடைசியாகக் கண்டு முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் தகப்பன் வழிச் சொந்தத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. கலியாணம் கட்டிய பெண்ணுக்குப் புருஷன் வீட்டுத் துடக்குத்தான் கணக்கு. அதனால் அக்காவுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கப்பலில் துடக்குக்காரன் நான் ஒருவன்தான்.

"அதுக்கென்ன?" என்றேன் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு.

"அதுக்கென்னவோ? பின்னேரம் கோயிலுக்கெல்லோ போறம்!"

"அக்கா, அங்கை பூசை நிண்டு ஆயிரம் வருசத்துக்கு மேல. சாமியும் இல்லை, ஐயரும் இல்லை."

பக்கத்து மேசையில் இருந்து தலைவர் தீர்ப்புச் சொன்னார். "கோயில் கோயில்தான் தம்பி. மூலஸ்தானம் இருக்கெண்டு உங்கட காதாலயே கேட்டனீங்கள்."

"நேற்று உள்ளுக்குப் போனனான்தானே? அப்பவும் அவர் செத்துத்தான் இருந்தவர்."

"தெரியாமப் போனதுக்குக் குற்றமில்லை. இப்ப தெரிஞ்சுபோச்சு."

நானா சிரித்துவிட்டார். "கும்புடாத நான் உள்ளுக்குப் போறன். கும்புடுற நீங்க வெளிய நிக்கிறீங்க. நல்ல ஞாயந்தான் தம்பி."

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என்னை மேல்தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆர் என்ன சொன்னாலும் கர்னாக்குக்குள் போகத்தான் போகிறேன் என்று சொன்னேன். அவள் கத்தவில்லை.

"நீ நாளைக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கையாவது போயிடுவாய். ஒவ்வொரு வெள்ளியும் இந்தச் சனத்தோட கோயில்ல நிக்கப்போறது நான். அத்தான்ர ஒப்பரேசனுக்கு இவையள்தான் மாறி மாறி ஆசுப்பத்திரியில நிண்டவை. நீ எங்கை நிண்டனீ?"

நான் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்ல முடியாது. "சரி" என்றேன்.

அன்று பின்னேரம் கப்பல் நின்ற கரையிலேயே ஒரு கோயில். மேல்தட்டில் இருந்தே தெரிந்தது. எங்கள் சனம் வரிசையாகப் படி ஏறி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வேறோர் ஊர். குதிரை வண்டிகளில் எல்லாரும் போய்விட்டார்கள். கப்பலில் உடுப்பு கழுவும் மனிதர் ஒருவர், சுகமில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த அரபியில், சகோதரன் ஒருவர் இறந்துவிட்டார், அதனால் கோயிலுக்குப் போகவில்லை என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆள் செத்தால் தொழத்தானே போகவேணும்? நீ ஏன் போகாமல் இருக்கிறாய்?" என்று கேட்டார். அரபியில் அதை விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. தமிழில் மட்டும் தெரியுமா?

வழிகாட்டியும் காலையில் எழும்பியவுடன், "இன்றைக்கு இவருக்கு அனுமதி உண்டா?" என்று தலைவரைக் கேட்கப் பழகிவிட்டான்.

கடைசி நாள் காலை லக்ஸரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மன்னர்களின் கல்லறைகளுக்குப் போனோம். அதற்கு மட்டும் தலைவர் எனக்கு அனுமதி தந்தார்.

"அது சுடலை. தம்பி தாராளமா வரலாம்."

சுடலைக்கு முதல் ஆளாக இறங்கினேன். மலையைக் குடைந்த சரிவான பாதை, சுவர் முழுக்க நேற்றுத் தீட்டியதுபோல நிறங்கள். வேறு ஒரு நாள் என்றால் அங்கேயே நின்றிருப்பேன். அன்றைக்கு மனம் அதில் ஒட்டவில்லை. பின்னேரம் கர்னாக். வெளியில் நின்றாவது மதிலுக்கு மேலால் ஒரு தூணின் தலை தெரியுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்போது, ஆசிரியையாக இருந்த அம்மா ஒருவர் சொன்னார்: "அப்ப சுடலைக்குப் போயிட்டு வந்து முழுகாமல் எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுடலை என்று சொன்னது தலைவர்தான். அவரால் அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. "ஓம், முழுகத்தான் வேணும்" என்றார்.

வழிகாட்டிக்கு விளங்கியபோது அவன் முகம் மாறிவிட்டது. கப்பலுக்குத் திரும்பிப் போக எவ்வளவு நேரம், நாலு மணிக்குப் பிறகு கர்னாக்கில் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று கெஞ்சினான். நாங்கள் பார்த்த கல்லறைகளில் இப்போது உடல்களே இல்லை, எல்லாவற்றையும் எப்போதோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னான்.

"பிரேதம் எடுத்தாப்பிறகும் செத்தவீட்டுக்குப் போனவன் முழுகத்தானே வேணும்?" என்றார் அந்த அம்மா.

பாலத்தால் சுற்றிக் கப்பலுக்கு வந்தோம். எனக்கு எப்படியும் கோயில் இல்லை, ஆகவே முழுக்கும் இல்லை. நானாவுக்குச் சுடலைத் தீட்டு இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைப்போம், மற்றவர்கள் முழுகிவிட்டு பஸ்ஸில் வரட்டும் என்று வழிகாட்டி எங்கள் இருவரையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டான். நாங்கள் கர்னாக் வாசலுக்கு வரும்போது இரண்டு மணி.

இருபத்திரண்டு டிக்கெட் எடுத்து, ஒன்றை நானாவிடமும் ஒன்றை என்னிடமும் தந்தான். "உன் ஆட்கள் வர ஒரு மணித்தியாலமாவது ஆகும். போ. நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்று சொல்லித் தன் கண்களைக் கையால் பொத்திக் காட்டினான்.

"வாங்க தம்பி. நான் ஒருத்தர்டயும் சொல்ல மாட்டன்" என்று நானாவும் கையைப் பிடித்து இழுத்தார்.

சுழல் கதவு வரைக்கும் அவரோடு போனேன். டிக்கெட்டை அதில் வைத்தால் முடிந்தது. முள்ளுக்கம்பியால் புகுந்து வேலை தேடியவன் நான். விசா முடிந்து ஏழு மாதம் ஒளித்திருந்தவன். ஒரு சுழல் கதவுக்குப் பயப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் 'நீ எங்கை நிண்டனீ' என்று அக்கா கேட்டது நினைவுக்கு வந்தது. நானா உள்ளே போனார். நான் டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, நினைவுப் பொருள் விற்கும் கடை ஒன்றின் நிழலில் உட்கார்ந்தேன்.

முன் சுவர் மலைபோல இருந்தது. தூண் ஒன்றும் தெரியவில்லை. சீனர்கள் போனார்கள், பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண் போனாள். எல்லாரும் தலையை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்று மணி ஆனது. பஸ் வரவில்லை. வழிகாட்டி கப்பலுக்குப் போன் எடுத்தான். பெண்கள் தலை காய வைக்கிறார்களாம்.

நானா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பிடி?" என்றேன்.

"வாணாம் தம்பி. நீங்க சங்கடப்படுவீங்க."

"சொல்லுங்கோ நானா."

"கொம்பனித்தெருவுல எங்கட பழைய கட இருந்திச்சே? சாமானோட அந்த முழுக் கடையையும் ஒரு தூணுக்குள்ள வெக்கலாம்."

கேட்காமல் இருந்திருக்கலாம்.

பஸ் வந்து நிற்கும்போது நாலு மணி கழிந்து கால் மணித்தியாலம். ஆண்கள் திருநீறு பூசி, பெண்கள் இன்னும் காயாத தலையை நுனியில் முடிந்து, துவைத்த உடுப்போடு இறங்கினார்கள். வாசலில் காவல்காரன் சங்கிலி போட்டிருந்தான். "மல்லி, டூ மினிட்ஸ், டூ மினிட்ஸ்" என்று தலைவர் இரண்டு விரலைக் காட்டினார். அவன் தலையாட்டவில்லை. வழிகாட்டி அவனோடு அரபியில் சண்டை பிடித்தான், கும்பிடாத குறையாகக் கேட்டான், பிறகு வந்து பஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த நாள் விடிய எங்களுக்கு விமானம்.

பஸ் புறப்பட்டதும் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "துடக்குக்காரனை முன்னுக்கு அனுப்பினதுதான் பிழை. அதுதான் வாசல் பூட்டுப்பட்டது."

இரண்டு பேர் "ஓம், ஓம்" என்றார்கள். நான் எழும்பப் பார்த்தேன். அதற்குள் அக்கா எழும்பிவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"என்ர தம்பி உள்ளுக்குப் போகேல்லை! டிக்கெட்டைக் கையில வைச்சுக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் வெளியில இருந்தவன். வேணுமெண்டா நானாவைக் கேளுங்கோ. உங்கட பிள்ளையள் இருப்பினமோ அப்பிடி?"

நானா, "இருந்தாருதான். நான் சாட்சி" என்றார்.

"தம்பியைக் குறை சொல்லேலாது" என்று தலைவரும் ஒப்புக்கொண்டார். பின்னால் இருந்த குரல் அடங்கியது. அக்காவின் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. என்னால் அவளுக்கு அதுவரை அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கூந்தலைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டாள். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"விசரா, நாங்கள் ஒருத்தரும் இல்லாத நேரம்தானே? ஓடிப்போய்ப் பாத்திட்டு வந்திருக்கலாமே. ஆருக்குத் தெரியப்போகுது?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கம் ஆறுதான் தெரிந்தது. கர்னாக் அக்கா இருந்த பக்கம்.