குழாய்க்குள் விட்ட விரல்

என் தங்கை மகனை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு டீசலை வீணாக்கமாட்டான், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். சிக்னலில் நின்றால் எஞ்சினை அணைப்பான். இறக்கம் வந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவான். கல்யாணம் பேசப் போன வீட்டில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன வரும்?" என்று சம்பளத்தைக் கேட்க, இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "லிட்டருக்குப் பதினாலு வரும் மாமா" என்றானாம். அப்படியும் பெண் கொடுத்தார்கள்.

டீசல் வேனில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவதுதான் அவன் பிழைப்பு. நானும் அதில் போகிறவள்தான். என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவதை நான் நினைப்பதில்லை. அதனால் அந்த வேன் வாசலில் வந்து நிற்கிற சத்தம்தான் எனக்கு உயிர் வருகிற சத்தம்.

நான் முன் சீட்டில் உட்காருவேன். கடைசி சீட்டில் கணக்கு வாத்தியார். அவருக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிவைக்க அங்கேதான் இடம் இருந்தது. மூச்சு வாங்கினாலும் வாய் ஓயமாட்டார். "ஏண்டா சொட்டு, லிட்டருக்குப் பதினாலு ஓடுறவன், கஞ்சத்தனத்துல எவ்வளவு தூரம் ஓடுவ?" என்று கணக்குப் போடுவார். இவன், "உங்க சிலிண்டருக்கும் ஒரு டிக்கெட் போட்டா தெரியும் சார்" என்பான்.

போன கோடையில் ஒருநாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நேற்று இல்லாதது இன்று இருந்தால் தெரியும்.

"அது என்னடா?"

"ஒண்ணும் இல்ல பெரியம்மா. சும்மா எரியுது."

அடுத்த முறை ஏறும்போது விளக்கு இருந்த இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தான். டேப்பின் ஓரத்தில் மஞ்சள் கசிந்துகொண்டிருந்தது. போக வர முக்கால் மணி நேரமும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அதையேதான் பார்த்தேன்.

மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: "அம்மா, புகை போற வழியில ஒரு பெட்டி இருக்கு. கரியெல்லாம் அதுல தங்கும். நிறைஞ்சதும் வண்டியே கொஞ்சம் கூடுதலா டீசல் எடுத்து, சூடாக்கி, அதை எரிச்சுடும். வேலை செய்யுற பெட்டின்னா குழாய்க்குள்ள விரலை விட்டாக்கூட கரி ஒட்டாது. உங்க பையன் என்ன பண்றான்? எரிய ஆரம்பிச்சதும் மைலேஜ் குறையுதேன்னு எஞ்சினை அணைச்சுடறான். பாதி எரிஞ்சு பாதி எரியாம அடைச்சுப் போச்சு."

"சுத்தமாவும் இருக்கணும், டீசலும் குடிக்கக் கூடாதுன்னா முடியாதா அண்ணே?" என்றான் சொட்டு.

"முடியும். வாரம் ஒருநாள் நெடுஞ்சாலையில நாப்பது நிமிஷம் நிறுத்தாம ஓட்டு. அதுக்கு உன் கால் ஒத்துக்குமா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லேன்னா பெட்டியக் கழட்டிட்டு வெறும் குழாய் போட்டுக்கறவங்களும் இருக்காங்க. மைலேஜ் ஏறும். அது தப்பு, நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். அவனும் தலையாட்டினான், ஆனால் நெடுஞ்சாலைப் பக்கமும் திரும்பவில்லை.

நாலு நாள் கழித்து மெஷினிலிருந்து எழுந்து, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வந்துகொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வேன் பலமிழந்தது. மிதித்தால் உறுமுகிறது, நகரவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி தாண்டின. ஒவ்வொன்றும் தாண்டும்போது வேன் ஆடியது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த சொட்டின் விரல்கள் வெளுத்திருந்தன. ஆள் நடக்கிற வேகத்தில் எப்படியோ அந்தக் கரைக்குக் கொண்டு வந்து சேர்த்தான்.

அடுத்த முறை வேன் புதுசு மாதிரி ஓடியது. டேப் இல்லை, விளக்கும் இல்லை. "சரி பண்ணிட்டேன் பெரியம்மா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "லிட்டருக்குப் பதினஞ்சு வருது" என்று சொல்லும்போதுகூடச் சிரிக்கவில்லை. மைலேஜ் ஏறியும் சிரிக்காத சொட்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வாத்தியார் கணக்குப் போடவில்லை. இருமினார். சிக்னலில் வண்டி நின்றால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பின் கதவின் ரப்பர் தேய்ந்து பல நாளாயிற்று, வெளிக்காற்று உள்ளே வரும். "என்ன வாத்தியாரே, பேச்சையே காணோம்?" என்றேன். கையை மட்டும் ஆட்டினார். உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது.

மறுமுறை காலையில், வாத்தியாரை ஏற்றப் போகும் முன் வேன் என் வாசலுக்கு வந்ததும், நான் ஏறாமல் பின்பக்கம் போனேன். குனிய முடியாது, முட்டி போட்டேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, சூட்டுக்குப் பயந்து பயந்து குழாய்க்குள் விட்டேன். எடுத்தபோது அடுப்புக்கரியில் தோய்த்த மாதிரி இருந்தது.

சொட்டு பின்னால் வந்து நின்றான். விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இதைத்தான் அந்த மனுஷனுக்கு ஊட்டறியாடா?"

"நீங்கதானே பெரியம்மா பாலத்துல அழுதீங்க." அவன் குரல் உடைந்தது. "நடு வழியில நின்னு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? மைலேஜுக்காகப் பண்ணலை. சத்தியமா இல்ல."

என் உயிருக்குப் பயந்து அவன் செய்த காரியம் இன்னொருவர் மூச்சில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரட்டை வாடகை கொடுத்தாவது வாத்தியாரை ஓர் ஆட்டோவில் அனுப்பச் சொன்னேன். "பெட்டியை மாட்டற வரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

"இன்னிக்கு உங்களுக்கு மெஷின் நாள் பெரியம்மா!"

"அது எனக்குத் தெரியாதா? போடா."

அவன் கெஞ்சினான், திட்டினான், அழுதான். நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். என்னைக் கூட்டிப்போகவும் ஒரு ஆட்டோ அனுப்பினான். அதையும் திருப்பி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் கணுக்கால் பானையாகிவிட்டது. வீம்புதான், இல்லை என்று சொல்லவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாத்தியாருக்குத் தினமும் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தபோதுதான் நிஜமாகவே நடுங்கினேன்.

நல்ல வேளை, பெட்டியை அவன் விற்கவில்லை, சாக்கில் சுற்றி வைத்திருந்தான். மறுநாள் மத்தியானம் மெக்கானிக் அதைக் கழுவிக் காயவைத்து மாட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் காலில் விழாத குறையாகக் கேட்டு எனக்கு வேறு நேரம் வாங்கினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் நெடுஞ்சாலையில் ஏறினோம். வழி அந்தப் பாலத்தின் மேல்தான். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சூட்டு வாடை வந்தது. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று கத்தினேன்.

"எரியுது பெரியம்மா, கரி எரியுது. பயப்படாதீங்க." அப்படிச் சொன்ன அவன் முகத்தில் வேர்வை ஓடியது. "முள்ளு எப்படி இறங்குது பாருங்க. குடிக்குதே டீசலை!"

அவன் கால் தன்னால் மேலே வந்தது. நான் அவன் முழங்காலில் கை வைத்து அழுத்தினேன். "எடுக்காத."

நாற்பது நிமிஷம் அப்படியே போனோம். மாசக் கடைசியில் பார்த்தால் லிட்டருக்குப் பதிமூன்றரைதான் வந்தது. அதை இழவு சொல்கிற மாதிரி வந்து சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே வாத்தியார் ஏறினார். சொட்டு சிலிண்டரைக் கட்டிவிட்டு, பின் கதவுக்குப் புது ரப்பர் ஒட்டியதைக் காட்டிவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தான். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. திரும்பி உட்கார்ந்து, பெட்டியைக் கழற்றியது, குழாய் போட்டது, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கோபப்படுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டாம் நாளே தெரியும்மா" என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்துக்கொண்டு. "எனக்குத் தெரியாத புகையா?"

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?"

அவர் சொட்டின் பின்தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இன்னும் இறக்கினார்.

"சிலிண்டரோட ஏத்திக்கிற வண்டி இந்த ஒண்ணுதாம்மா. ஏதாவது சொல்லப் போயி, நாளைக்கு வராதீங்கன்னு சொல்லிட்டான்னா?"