பத்து சென்ட் வேண்டாமென்ற பவுனம்மாள்

யார் எதைக் கொடுத்தாலும், ஏன் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்பவள் பவுனம்மாள். செஞ்சிக் கோட்டை மலைக்கு அப்பால் புல்லுக்காட்டில் புல் அறுத்து, கடைத்தெருவில் குதிரை வண்டிக்காரர்களுக்கு விற்றுப் பிழைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் தொண்டூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அறுபத்து மூன்றாம் வருஷ மழையில், ஏரிக்கரையோரம் இருந்த அவளுடைய குடியிருப்பின் நாற்பது குடிசைகளிலும் தண்ணீர் புகுந்தது. மறுவருஷம் சர்க்கார் வீட்டுமனை தரப்போவதாகச் சேதி வந்தது. குடியிருப்புக்குப் பெரிய மனுஷனான தாண்டவராயன் சந்தோஷம் தாங்காமல் ஓடிவந்தான்.

“யக்கா, ஆளுக்குப் பத்து சென்ட்டாம்! புல்லுக்காட்டுல!”

“அது ஊர்லேர்ந்து ரெண்டரை மைலாச்சே. நம்பளுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தாராளம்?”

“குடுக்கறத வாங்கிக்கியேன்.”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சர்வேயர் யாகப்பன் சங்கிலி போட்டு அளக்க வந்தபோது, புல் அறுக்கிற சாக்கில் அவன் பின்னாலேயே திரிந்தாள். இரண்டாம் நாள் ஒரு மிராசுதாரின் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி யாகப்பனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அவ்வளவுதான் அவள் பார்த்தது. சாயங்காலம் கிணற்றடியில், “சர்வேயரு காசு வாங்கிட்டான், என் கண்ணால பாத்தேன்” என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் நேராகவே போய் அவன் முன்னால் நின்றாள்.

“இது யாருக்காவ அளக்கறீங்க?”

“உங்களுக்குதாம்மா.”

“அப்ப எங்கூட ஊர் வரைக்கும் நடந்து வாங்க.”

மறுப்பான் என்று நினைத்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டான். புல்லுக்கட்டோடு அவள் முன்னால் போனாள். வழியில் ஒரு பள்ளத்தைக் காட்டினாள்.

“ஏரிக்குத் தண்ணி இந்த ஓடையிலதான் வருது. இங்க நாப்பது ஊடு கட்டிட்டா தண்ணி எங்க போவும்? புல்லும் போச்சு, ஏரியும் போச்சு.”

கடைத்தெருவை அடைய ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. யாகப்பன் சட்டை நனைந்திருந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான்.

“இந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால களத்துமேடு இருக்குதில்ல, அது புறம்போக்கு. வெள்ளம் ஏறாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம். ஆளுக்கு மூணு சென்ட்தான் வரும். அதத்தான் நான் முதல்ல எழுதினேன். திருப்பி அனுப்பிட்டாங்க.”

“ஏன்?”

“அங்க ஒருத்தரோட வைக்கோல் போர் நாலு நிக்குது.”

“இளநீ குடுத்தவரா?”

அவன் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடித்தான்.

“அப்ப அவரு இளநீய ஏன் குடிச்சீங்க?”

“தாகம்மா.”

“இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“நான் ஒருத்தன் கேட்டு எடுபடல. நாப்பது ஊடும் கேட்டா எடுபடும்.”

இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று, மறுநாள் தனியாகப் போய்க் களத்துமேட்டைச் சுற்றி வந்தாள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தானே நடந்து பார்த்த பிறகுதான் மற்றவர்களிடம் சொன்னாள்.

தாண்டவராயன் குதித்தான். “பத்த வுட்டுட்டு மூணு கேக்கறவ எவளாவது உண்டா?”

பவுனம்மாள் அவனோடு வாதாடவில்லை. பெண்களை நிறைகுடத்தோடு புல்லுக்காட்டுக்கு நடக்கச் சொன்னாள். பாதி பேர் வழியிலேயே குடத்தை இறக்கிவிட்டார்கள். நிறைமாதமாக இருந்த சின்னப்பொண்ணு ஆண்களைப் பார்த்துக் கேட்டாள்: “எனக்கு வலி எடுத்தா உங்க பத்து சென்ட்டா வந்து தூக்கினு போவும்?”

களத்துமேட்டைக் கேட்டு எழுதிய மனுவில் நாற்பது கைநாட்டு விழுந்தது. கடைசிக் கைநாட்டு தாண்டவராயனுடையது. நாலு மாதத்தில் உத்தரவு வந்து, வைக்கோல் போர்கள் களத்துமேட்டைவிட்டுப் போயின.

ஆனால் கிணற்றடிப் பேச்சும் சும்மா இருக்கவில்லை. யாரோ அதை மொட்டைக் கடிதமாக எழுதிப் போட்டிருந்தார்கள். யாகப்பன்மேல் விசாரணை, கூடவே வெளியூர் மாற்றல். தாண்டவராயன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை விசாரணை அதிகாரி முன்னால் போய் நின்றாள். “காசு வாங்கினார்னு சொன்னது நாந்தாங்க. நான் பாக்கல. பொய்யி.”

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இப்படிச் சொல்லச் சொல்லி யாகப்பன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்?”

ஊரையெல்லாம் அவள் கேட்ட கேள்வி இது. தன்னை ஒருத்தர் கேட்டபோது உடம்பு கூசியது.

“நான் சொன்னத எழுதுங்க. கைநாட்டு வெச்சிட்டுப் போறேன்” என்று சொல்லி, நகராமல் நின்றாள். மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகு அவர் எழுதிக்கொண்டார். விசாரணை கைவிடப்பட்டது, மாற்றல் மட்டும் மாறவில்லை.

பஸ்ஸில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த யாகப்பனிடம் போனாள். “தப்பு எம்மேலதாங்க.”

“இப்பவாவது என்னை நம்பறியாம்மா?”

யோசித்துவிட்டு, “முக்காவாசி” என்றாள். அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபத்து ஆறில் களத்துமேட்டில் குடியேறினார்கள். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. நடுச் சந்தில் மாட்டுவண்டி நுழையாது, குடம் சுமந்த இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் போகலாம். பக்கத்து வீட்டுச் சண்டை மொத்தமும் காதில் விழுகிறது என்று தாண்டவராயன் கடைசிவரை குறைபட்டுக்கொண்டான். அடுத்த மழையில் ஓடை தடையில்லாமல் ஓடி ஏரி நிரம்பியது. விடிந்ததும் பவுனம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்காட்டுக்குப் போனாள். புல் இடுப்பளவு நின்றிருந்தது.