வெயிலில் நின்ற வல்லாரை

கேளம்பாக்கத்துக்கு அருகே ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கடும் வெயிலைத் தாங்கும்படி வல்லாரையின் மரபணுவை மாற்றுவதுதான் மூன்று வருடமாக எங்கள் வேலை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சாதாரணக் கொடிகளைப் புதுப்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா கொண்டுவருவார். குத்தகை நிலத்தில் வல்லாரை போட்டு, இலையைக் காயவைத்து நாட்டுமருந்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்.

போன மே மாதம் வெறுங்கையோடு வந்தார்.

"எல்லாம் கருகிடிச்சும்மா. தண்ணி வுட்டுகினேதான் இருந்தேன். அந்தத் தண்ணியே சுடுது, இன்னா பண்றது?"

சூடேற்றிய கண்ணாடி அறைக்குள் எங்கள் செடிகள் நின்றிருந்தன. அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார்.

"இது மட்டும் எப்டிம்மா பச்சையா கீது?"

மரபணுவை மாற்றியதைச் சொன்னேன்.

"ஒரே ஒரு கொடி குடும்மா. நட்டுப் பாக்கறேன்."

"வெளிய தரக்கூடாதுக்கா, அனுமதி கெடயாது. அதுவுமில்லாம இதுல மருந்துச் சத்தே இல்ல. நேத்துதான் ரிசல்ட் வந்துது."

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதை முதலில் அவரிடம்தான் சொன்னேன். செடி பிழைத்துவிட்டது, எதற்காக வல்லாரையைத் தேடுகிறார்களோ அது இலையில் ஏறக்குறைய இல்லை.

"மருந்து இல்லாங்காட்டி போவுது. கீரையா வித்துக்கறேன். உசுரோட நின்னா போதும்மா."

சோதிக்காத செடியைச் சாப்பிடக் கொடுப்பது அனுமதியில்லாமல் தருவதைவிடப் பெரிய தப்பு. எப்படிச் சொன்னாலும் இல்லை என்றுதான் அவர் காதில் விழும். "வேணாம்க்கா" என்றேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறப் போனார்.

மருந்துச் சத்து இல்லாததால் அடுத்த வாரம் செடிகளை அழித்துவிடச் சொன்னார்கள். நான்தான் பிடுங்கிப் பையில் கட்டி, நீராவியில் அவித்து அழிக்கும் ஆட்டோகிளேவில் வைத்தேன். நீராவி அடங்கிக் கதவைத் திறந்ததும் அறை முழுக்கக் கீரை வெந்த வாசனை. உடன் வேலை செய்பவர் சன்னலைத் திறந்துவிட்டார்.

புதிதாக ஆரம்பிக்க மறுபடி சாதாரணக் கொடிகள் வேண்டியிருந்தன. ஆகஸ்டில் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"நான் மறைமலைநகர்ல கம்பெனி கேன்டீன்ல கீறேம்மா. காலைல அவுங்க பஸ்ஸே வந்து இட்டுகினு போவுது."

"நிலம்?"

"வுட்டுட்டேன். எத்தினி வாட்டி நட்றது, எத்தினி வாட்டி கருவறது? செடிக்கு வேற யாரையாச்சும் கேளு."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வெச்சிட்றேம்மா" என்று துண்டித்தார். வல்லாரை போடுகிற வேறு யாரையும் எனக்குத் தெரியாது.