பயன்பாடு இல்லை

சுனாமி முடிந்து மூன்று வருஷம் கழித்து, கடலுக்கடியில் இலங்கை வரைக்கும் கரண்ட் கேபிள் போடப்போகிறார்கள், அது கரையேறும் இடம் எங்கள் ஊர்தான் என்று பேச்சு வந்தது. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் மீனவ ஊர் எங்களுடையது. சிதம்பரத்தில் படித்து டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிரும் இருந்தது. கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக விவரம் எழுத என்னை வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு சொந்த ஊரிலேயே ஆபீசர் மாதிரி நடந்தேன்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி: சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல்மேட்டை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?

"அந்தாண்டயா? சும்மாதான் கெடக்குது. யாரும் போறதில்ல" என்றார் முதல் வீட்டு மாமா. எல்லா வீட்டிலும் அதே பதில்தான். எல்லாவற்றிலும் 'பயன்பாடு இல்லை' என்று எழுதினேன்.

சுனாமியில் போனவர்களை ஒரே குழியில் புதைத்த இடம் அது. அதனால்தான் யாரும் போவதில்லை. வாயால் சொல்லவும் மாட்டார்கள், 'அந்தாண்ட' என்று கை காட்டுவதோடு சரி. இது தெரியாத வெளியூர்க்காரனா நான்? அக்காவின் நாலு வயது மகளை இந்தக் கையால்தான் அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். தை பிறந்ததும் என் மடியில் வைத்துக் காது குத்துவதாக இருந்தது. இருந்தும், சொன்னதைத்தானே எழுத வேண்டும் என்று எழுதினேன். பெரிய மேதாவி.

கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் கேள்வியைப் படித்ததும் அவள் என்னையே பார்த்தாள்.

"சும்மாதான் கெடக்குது தம்பி."

அதையும் எழுதினேன்.

வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று பாதி ஊர் சரி என்றது. வலை போட விடமாட்டார்கள் என்று மீதி ஊர் முறுக்கிக்கொண்டது. மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இரண்டு நாட்டுக் கொடியும் போட்ட பேனருக்குக் கீழே கூட்டம் நடந்தது. மணல்மேட்டுக்கு வேலி போடப்போவதாகக் கடலூரிலிருந்து வந்த அதிகாரி சொன்னதும் அக்கா எழுந்து நின்றாள்.

"எம் பொண்ணு அங்க இருக்குறா சார்."

அவர் பொறுமையாக ஃபாரக் கட்டைப் புரட்டினார். "உங்க வீட்டு ஃபாரத்துலயே பயன்பாடு இல்லைன்னு இருக்கேம்மா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீதானடா தூக்கிட்டுப் போன. உனுக்குத் தெரியும்னுதான நான் வாயத் தொறக்கல."

கழுத்து அட்டையைச் சட்டைக்குள் தள்ளினேன். வெட்கத்தில் செத்தேன்.

வேலி வந்தது. கேபிள் வரவில்லை. இரண்டு அரசாங்கத்துக்கும் ஒத்துவரவில்லையாம். யாரும் போகாத அந்த இடத்துக்கு இப்போது அக்கா சாயங்காலமானால் போகிறாள். வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்புகிறாள்.

என்னோடு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நான் போனால் சோறு போடுகிறாள். "என்னடா திடீர்னு வந்திருக்க?" என்று கேட்கிறாள்.

சும்மாதான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.